லிங்கின் வாலில் தமயந்தி

போன சனிக்கிழமை பதுளை பஜாரில், ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குள் நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். விஷயம் இதுதான்...

கொழும்பில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. பரீட்சை இன்டர்நெட்டில். அந்த வெப்சைட்டைச் செய்தது நான்தான்! பசறைத் தோட்டமொன்றிலிருந்து தமயந்தி என்ற பெண் பதுளைக்கு வந்து பரீட்சை எழுதுகிறாள் என்று தெரிந்தது. பக்கத்திலேயே ஹாலிஎலயில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என்னால் சும்மா இருக்க முடியுமா? பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

தமயந்தி முதல் கேள்விக்குப் பதில் சொல்லி, 'அடுத்தது' என்பதை அழுத்தினாள். திரையில் — "உங்கள் பெயர் என்ன?"

மறுபடி பெயரைக் கொடுத்தாள். மறுபடி முதல் கேள்வி. மறுபடி பெயர்...

"அக்கா, இதுக்கு என்னைய புடிக்கலையா?" பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டாள். நாலு மணிக்குப் பரீட்சை மூடிவிடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெப்சைட் ஓடும் கம்ப்யூட்டரான சேர்வருக்குத் தானாக யாரையும் ஞாபகம் இருக்காது. ஆளை அடையாளம் காண, அவர் கம்ப்யூட்டரில் 'குக்கி' என்று சின்னதாக ஒரு குறிப்பைப் போட்டு வைக்கும். இந்த சென்டரிலோ குக்கிக்குத் தடை!

"கொஞ்சம் தொறந்து விடுங்க அண்ணே," என்றேன், சென்டர் நடத்தும் சிவா அண்ணனிடம்.

"முடியாதுங்க. அந்தக் குக்கியால ஒருத்தர் மெயில இன்னொருத்தர் படிச்சி, இங்க பெரிய சண்டையே வந்திருச்சி. அதனாலதான் அடைச்சேன்."

அவர் சொல்வதும் நியாயம்தானே?

வெப்சைட்டையே மாற்றிவிடலாம் என்று பக்கத்து மெஷினில் உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு லிங்கின் வாலிலும் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பின்னால் தமயந்திக்கென்று ஒரு தனி எண். இவ்வளவுதான் மாற்றம்! அவள் எதை அழுத்தினாலும் எண்ணும் கூடவே போகும். சேர்வர் ஆளைக் கண்டுகொள்ளும். குக்கியே வேண்டாம்!

எழுதிவிட்டேன். சேர்வருக்கு அனுப்பும்போது, இன்டர்நெட் வரும் டெலிபோன் லைன் அறுந்தது. மறுபடி டயல்... ஒருவழியாக ஏறியது.

"இப்ப அழுத்து!"

திரையில் — "வணக்கம் தமயந்தி. இரண்டாம் கேள்வி."

அப்போது போட்டதுதான் அந்தக் கூச்சல்!

நாலு மணிக்கு முன்னமே முடித்தாள். முடிவும் உடனே வந்தது: தெரிவாகிவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள்.

"என் கூட்டாளிக்கு இந்த லிங்க அனுப்பவா அக்கா?"

"ஐயையோ, வேணாம்! அவ தொறந்தா, அவளையும் தமயந்தின்னு நெனச்சிக்கும்."

ஒரு கணம் யோசித்தாள். "அப்ப ரெண்டு தமயந்தி கொழும்புக்குப் போகலாமே?"

பரீட்சை முடிந்த கையோடு அந்த எண் செல்லாது என்று, அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன் — என் வேலை எனக்கு வேண்டுமே!