அப்பா மாட்டிய சலூன் கண்ணாடி

இரண்டாயிரத்து எட்டாம் வருஷக் கடைசியில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் புதுப்பட்டினத்தில், என் அம்மா வீட்டில் நடந்தது இது. வீட்டு இன்டர்நெட்டுக்கு நல்லதாக ஒரு வயர்லெஸ் ரவுட்டர் வாங்கப் போன கதைதான். இதில் மறக்க முடியாத அளவுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருக்கிறது. இப்போதும் யார் வீட்டிலாவது ரவுட்டரின் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவேன்.

என் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை என்பதால் எழுத்தும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைச்சலே இருந்ததில்லை. எல்லாம் கையால்தான். அதுவும் எங்கேயோ சொல்லிக்கொடுக்கிற சைகை இல்லை. அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதிதில் ஆரம்பித்து, பிறகு நானும் தங்கையும் எங்கள் பங்குக்குச் சேர்த்து, நாலு பேருமாக உண்டாக்கிக்கொண்டது. மீசையை முறுக்கினால் அப்பா. நெற்றியைத் தட்டினால் நான். சின்ன வயதில் பெரிய பொட்டு வைத்திருப்பேனாம். மோவாயில் விரலை வைத்தால் தங்கை, அவளுக்கு அங்கே குழி விழும். திட்டுவதற்கு மட்டும் அம்மாவிடம் ஏகப்பட்ட சைகை இருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாணமாகி வந்து முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.

அம்மா அடுப்பங்கரையில் இருந்தால் வாசலில் யார் வந்தாலும் தெரியாது. ஒருமுறை யாரோ நேரே உள்ளே வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுவிட, பயந்துபோய்க் கொதிக்கிற குழம்பைக் காலில் கொட்டிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அப்பா அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். செங்கல்பட்டில் ஒரு சலூனை மூடியபோது வாங்கியது, ஆள் உயரம் இருக்கும். அப்பா எலக்ட்ரீஷியன், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கடல் காற்றுக்கு ரசம் உரிந்துபோகும் என்று கண்ணாடியின் முதுகு முழுக்கத் தகரம் அடித்தார். வாசல் கூடத்திலிருந்து உள்ளே போகும் நடையின் கோடியில், பின்னறைச் சுவரில் அதைக் கொஞ்சம் சாய்வாக மாட்டினார். அடுப்பங்கரை நடையின் பக்கவாட்டில் இருந்ததால், அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அம்மாவுக்குக் கண்ணாடியில் வாசல் தெரியும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா 'பசிக்குதா?' என்று கேட்பாள். நாங்களும் வயிற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டே உள்ளே ஓடுவோம்.

அப்பா போய்ச் சேர்ந்தார். தங்கை கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனாள். இரண்டாயிரத்து எட்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மறைமலைநகரில் இருந்த நான் குடும்பத்தோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். பாத்ரூமை ஒட்டியிருக்கும் பின்னறையில்தான் அம்மாவுக்குக் கட்டில். இனிமேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வேண்டியவள் தங்கை ஒருத்திதான். அவளோ ரொம்ப நாள் கழித்து உண்டாகி, விமானம் ஏறவே கூடாது என்ற நிலையில் படுக்கையில் இருந்தாள்.

மற்றவர்களானால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துவிடலாம். எங்கள் அம்மாவுக்கு ஃபோன் எதற்கு? தங்கை என்னிடம் பேசி அழுவாள். "ஒரே ஒரு வாட்டி மூஞ்சியக் காட்டுக்கா. அம்மா கையப் பாக்கணும்க்கா" என்பாள். அவள் கேட்டது சும்மா பார்ப்பதற்கு இல்லை, பேசுவதற்கு. அந்தக் கையில்தான் அம்மாவின் குரலே இருந்தது.

கேமரா வைத்த லேப்டாப் ஒன்றை ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்து அனுப்பினாள். இன்டர்நெட் இணைப்பும் வாங்கினோம். ஆனால் அது ஃபோன் இருக்கும் வாசல் கூடத்தோடு நின்றது. ஃபோன் லைனை உள்ளே இழுத்தால் உப்புக் காற்றில் ஒயர் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறி நெட் விழுந்துகொண்டே இருந்தது. நீளமாக நெட் ஒயர் போட்டோம், இரண்டாம் நாளே எலி தன் வேலையைக் காட்டிவிட்டது. கடைசியில் வயர்லெஸ்தான் என்று முடிவு செய்து செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "வூடு எம்மாம் பெர்சும்மா? ஓட்டு வூடா, மாடி வூடா? லைன் எங்க கீது, நீ எங்க குந்திகினு பாக்கப்போற?" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். எனக்கோ பொறுமை இல்லை. நல்லதாகக் கொடுங்கள், படம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். ஒரு ஆன்டெனா வைத்தது ஒன்றைக் கொடுத்தார். கரண்ட் போனாலும் ஓடுவதற்குச் சின்னதாக ஒரு பேட்டரிப் பெட்டியும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் பக்கம் கரண்ட் போகிற லட்சணத்துக்கு அது வேண்டியதுதான்.

கூடத்தில் படம் அருமையாக வந்தது. பின்னறைக்குள் போனதும் திக்கியது. திரும்பப் போய் இரண்டு ஆன்டெனா வைத்ததை மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் அதே கதைதான்.

படம் நின்றால் நமக்குக் குரலாவது வரும். அம்மாவுக்கு என்ன வரும்? தங்கை மோவாயில் விரல் வைத்து, நெஞ்சைத் தொட்டு, அடுத்ததைச் சொல்லக் கையைத் தூக்குவாள். அப்படியே நின்றுவிடும். தூக்கிய கை தூக்கியபடி இருக்கும். அம்மா காத்திருப்பாள். அப்புறம் இடது கையால் திரையைத் தடவிப் பார்ப்பாள். ஒருநாள் என் பக்கம் திரும்பி, புருவத்தைச் சுருக்கி, 'என் மேல கோபமா? ஏன் பேசமாட்டேங்கிறா?' என்று கேட்டாள். நெட்டு, சிக்னல் என்பதற்கெல்லாம் எங்கள் பாஷையில் சைகை இல்லை. நான் என்ன சொல்லிப் புரியவைப்பேன்? பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தம் அம்மாவுக்குக் கேட்காது என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

மறுபடி கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "ரவுட்டரு மேல தப்பு இல்லம்மா. இதுக்கு மேல நல்லது இந்தக் கடையில இல்ல. நடுவுல இன்னாவோ மறிச்சிகினு கீது. இரும்பு பீரோ கீரோ கீதா பாரு" என்றார். பீரோ வேறு அறையில் அல்லவா இருக்கிறது, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கையைத் திரையில் வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து நடந்தேன். எந்த இடத்தில் படம் நின்றுபோகிறது என்று அவளும் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

கூடம் தாண்டி நடை முழுக்கப் படம் நன்றாகத்தான் இருந்தது. நடைக் கோடியில் திரும்பிப் பின்னறைக்குள் கால் வைத்ததும் நின்றது. ஓரடி வெளியே வந்தேன், வந்துவிட்டது. உள்ளே போனேன், போய்விட்டது. மூன்றாம் முறை வெளியே வந்தபோது தங்கை முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எதையோ உற்றுப் பார்த்தாள். "என்னடி, கேக்குதா?" என்றேன். மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, உனக்குப் பின்னால தெரியுது பாரு. அப்பா மாட்ன கண்ணாடி. அதும் முதுகுல தகரம் இருக்குதுக்கா."

இத்தனை வருஷத்தில் அதை ஒரு பொருளாகவே நாங்கள் நினைத்ததில்லை. சுவர் மாதிரி, வாசல் மாதிரி அதுவும் வீடுதான். அம்மாவுக்கு ஆட்களைக் காட்டுவதற்காக அப்பா பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, இப்போது அவள் மகளையே மறித்துக்கொண்டு நின்றது. "கழட்டாதக்கா, வேணாம்" என்று தங்கைதான் முதலில் சொன்னாள். அவளுக்கு அழுகை தாங்கவில்லை.

அம்மாவைக் கேட்காமல் எப்படிக் கழற்றுவது? கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி தங்கையை மறைக்கிறது என்று கையால் மறித்துக் காட்டிக் கேட்டேன். அம்மா நடைப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். அப்புறம் இடது கையால் வாசல் பக்கம் காட்டி, விரலை விரித்து, 'இனிமே அங்க யார் வரணும்?' என்றாள். மோவாயில் விரலை வைத்தாள், லேப்டாப்பைத் தொட்டாள். 'இவ இதுலதானே வருவா?' கடைசியாக இல்லாத மீசையை முறுக்கிச் சிரித்தாள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்று அர்த்தம். வாய் ஒரு பக்கமாகக் கோணிய அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கழற்றித் தோட்டத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் பழைய நீலச் சுண்ணாம்பு அழியாமல் அப்படியே இருந்தது.

அன்றைக்குப் படம் தெளிவாக வந்தது. அன்றிலிருந்து தினமும் பேசினார்கள். ஆனால் எங்கள் சைகையில் பாதிக்கு இரண்டு கை வேண்டும், அம்மாவுக்கோ ஒரு கைதான். கட்டிலில் அம்மாவுக்கு வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, என் வலது கையைக் கொடுத்தேன். அம்மா இடது கையைத் தூக்கினால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். என் கையும் கூடவே எழும். கடல், கல்யாணம், அடுப்பு, சண்டை எல்லாம் இரண்டு பேருமாகச் சொன்னோம். திட்டும்போதும் சேர்ந்துதான் திட்டினோம். 'ரெண்டு பேரும் ஒண்ணா திட்டினா நான் எங்க போவேன்?' என்று தங்கை அங்கிருந்து கையை விரிப்பாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றித் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். அதன் மோவாயிலும் குழி இருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் இடது கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தாள். எங்கள் பாஷையில் குழந்தை என்றால் இரண்டு கையையும் தொட்டிலாகச் சேர்த்து ஆட்ட வேண்டும். நான் என் வலது கையை அம்மாவின் கையோடு சேர்த்தேன். இரண்டு பேருமாக ஆட்டினோம். அங்கே தங்கை நேரம் பார்த்து, குழந்தையைத் தூக்கி அந்தத் தொட்டிலுக்கு நேராகப் பிடித்தாள். அம்மா நிறுத்தவே இல்லை. கை வலித்திருக்கும், ஆனாலும் குழந்தை தூங்கும் வரைக்கும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். தங்கையால் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. குழந்தை தலை நின்ற பிறகுதான் வந்தாள். நான் அடுப்பங்கரையில் இருந்தேன், அவள் வந்தது எனக்குத் தெரியவில்லை. ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தால், தோளில் குழந்தையோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள். நடைக் கோடியில் அந்த நீலச் சுவரையே பார்த்துக்கொண்டு, தன்னை அறியாமல் வயிற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ரவுட்டர் எப்போதோ பழுதாகிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ மாற்றியாகிவிட்டது. நானும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசும்போது கொஞ்ச நேரம் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையால் பேசுவோம். எங்கள் இரண்டு பேரையும் விட்டால் அந்தப் பாஷையில் முழுதாகப் பேச இப்போது ஆளில்லை. எல்லாமே சரளமாக வருகிறது. 'குழந்தை எப்படி இருக்கா?' என்று கேட்கும்போது மட்டும் என் வலது கை மட்டுமே எழுந்து, பக்கத்தில் இன்னொரு கை வந்து சேரும் என்று காத்திருக்கிறது.