வாசலில் பன்னிரண்டு சோடி

இரண்டாயிரத்து ஐந்தில் லண்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியை ஒருவர், நகரத்து வீடுகளையும் குடித்தொகையையும் பற்றிய தன் ஆய்வுத் தாள்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருந்தார். பட்டியல் போடும்போது ஒரு படிவத்தில் டூட்டிங்கில் நான் முன்பு இருந்த வீட்டின் முகவரியைக் கண்டேன்.

அந்தப் பேராசிரியை கணக்கெடுக்க அங்கு வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. அந்தச் சிறிய வீட்டில் நாங்கள் பதினொரு பேர். இத்தனை பேர் என்று நகரசபை கவுன்சிலுக்குத் தெரிந்தால் தெருவில்தான் என்ற பயத்தில் ஏழு பேர் பின்கதவால் ஓடினார்கள். ஆங்கிலம் தெரிந்த நான் தேநீர் கொடுத்து, "நான்கு பேர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அந்தப் பொய்யில் இத்தனை வருடமும் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

படிவத்தில் நான்கு என்றுதான் இருந்தது. அதோடு குத்தியிருந்த துண்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்: "வாசலில் பன்னிரண்டு சோடி சப்பாத்து, என்னுடையதையும் சேர்த்து. நல்ல தேநீர். நான்கு என்றே இருக்கட்டும்."

அன்று ஓடியவர்களில் ஒருவரான சிவா அண்ணைக்கு உடனே போன் எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் ஒரு மணித்தியாலம் குளிருக்க வெறுங்காலோட நிண்டது சும்மாவோ?"

"ஓம் அண்ணை."

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்க்கும்வரை இருவரும் சிரித்தோம்.

பேராசிரியையை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். அவரோ வாசலிலேயே எங்களை எண்ணிவிட்டு, தன் சப்பாத்தையும் எங்களுடையதோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்.