சாராள் விற்ற பசு

சாராளுக்கு ஒருவரை அரைகுறையாக வெறுக்கத் தெரியாது. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் கேட்டால் யாரும் சொல்வார்கள். தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு கோடை முழுக்க ரயில்வே கேட் தாண்டிப் போய்க் குடம் சுமந்தவள் அவள். அப்படிப்பட்டவள் தன் சொந்தப் பசுவையே வெறுக்கும் நாளும் வந்தது.

பசுவுக்கு ராணி என்று பெயர் வைத்தவன் அவள் புருஷன் எபினேசர். இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாட்டிடம் போய் நிற்பான். அதன் முகத்தோடு முகம் வைத்து, ஆலையில் நடந்த வம்பையெல்லாம் சொல்லுவான். கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பால் குடித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவான். பொண்டாட்டி யாரென்று அவனுக்கே சந்தேகம் என்று சாராள் கிண்டல் செய்வாள்.

இருமல் வந்தபோது ஆலைப் புகை என்றான். சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். டி.பி. என்றார்கள். மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்கினான், ஆனால் அதற்குள் நோய் முற்றிப்போயிருந்தது. அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் சுமலதா வந்தாள். கால்நடை டாக்டர். டி.பி. கண்டவர்களின் வீட்டு மாடுகளைப் பரிசோதித்து, மனுஷருக்கும் மாட்டுக்கும் நடுவில் அந்த நோய் எப்படிப் போய்வருகிறது என்று ஆராய்கிற குழுவில் ஒருத்தி. ராணியின் கழுத்தில் சோதனை ஊசி போட்டாள். பாலும் மூக்குச் சளியும் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது ஊசி போட்ட இடம் தடித்து வீங்கியிருந்தது. மாட்டுக்கு நோய் இருக்கிறது, எந்த வகைக் கிருமி என்று லேப்தான் சொல்ல வேண்டும், அதுவரை மாட்டை விற்கக் கூடாது, பாலை யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மாட்டுக்கு நோய் என்பது மட்டும்தான் சாராளின் மனதில் தங்கியது. அப்படியானால் அவனைக் கொன்றது இதுதான். பால் கொடுத்துக் கொன்றிருக்கிறது. துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் இருந்தவளுக்கு அது ஒரு இடம் காட்டிவிட்டது. தரகர் தேசப்பனைக் கூப்பிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

"எங்கியாவது ஓட்டிக்கினு போ. என் கண்ணுல படக்கூடாது" என்றாள்.

தெருக்கோடி வரை ராணி கத்திக்கொண்டே போனது. சாராள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லேப் முடிவோடு சுமலதா திரும்பி வந்தபோது வெயில் காலம் தொடங்கிவிட்டது. மாட்டின் உடம்பில் இருந்தது மனுஷருக்கு வருகிற வகை. ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த எபினேசரின் சளியில் இருந்ததும் அதேதான். மாடு அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனிடமிருந்துதான் மாட்டுக்குப் போயிருக்கிறது. அவர் மிச்சம் வைத்த சோற்றை என்ன செய்தீர்கள் என்று சுமலதா கேட்டாள்.

சாராள் கவனமாகத்தான் இருந்தாள். அவன் தட்டைத் தனியாக வைத்திருந்தாள், டம்ளரை வெந்நீரில் போட்டு எடுத்தாள், சொன்னதையெல்லாம் செய்தாள். ஆனால் அவனால் பாதிக் கஞ்சிக்குமேல் குடிக்க முடியாது. வேறு யாரும் சாப்பிடக் கூடாது, கொட்டவும் மனசு வரவில்லை. அரிசி களைந்த தண்ணீரோடு சேர்த்து மாட்டுக்கு வைத்துவிடுவாள். ராணி அடிவரை நக்கிக் குடிக்கும்.

அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் அதன் முகத்தருகே நின்று இருமியதாகவும் இருக்கலாம் என்றாள் சுமலதா. பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துவிட்டு, மாடு எங்கே என்று கேட்டாள்.

இருவரும் தேசப்பனைப் பிடித்து விசாரித்து, ஊத்துக்கோட்டை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ராணி வேப்பமரத்தடியில் எலும்பும் தோலுமாக நின்றது. சாராளின் குரல் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. தனக்காகத்தான் இவள் வந்திருக்கிறாள் என்று அது நினைத்திருக்கும். சாராளால் அதைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்காரி ஈஸ்வரி சின்னப் பெண். இடுப்பில் ஒரு குழந்தை. விற்றவள் மாட்டைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்று எண்ணி முகம் மலர்ந்தாள். தங்கமான மாடு, தீனிதான் சரியாக எடுப்பதில்லை, இருந்தும் பாப்பாவுக்கு ஒரு வேளைகூடப் பால் தவறியதில்லை என்றாள். காய்ச்சினால் சத்து போய்விடும் என்று கறந்ததும் அப்படியே கொடுக்கிறாளாம்.

சுமலதா பேச வாயெடுத்தாள். சாராள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணு, அந்தப் பால இனிமே குடுக்காத. மாட்டுக்கு சீக்கு கீது. என் ஊட்டுக்காரு அதே சீக்குலதான் செத்தாரு. விக்கக் கூடாதுன்னு இந்த டாக்டரம்மா சொன்னாங்க. தெரிஞ்சேதான் வித்தேன்."

ஈஸ்வரி கத்துவாள், வாரித் தூற்றுவாள் என்று சாராள் காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஈஸ்வரி அப்படி எதுவும் செய்யவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து மார்போடு அணைத்து, அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"போன வாரத்துல இருந்து இருமிக்கினே கீது, அக்கா" என்றாள். "சளின்னு நெனச்சேன்."