விடைத்தாளில் ஓர் ‘ஏலே’

தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், என் மக்குத்தனத்தை நம்பி ஒரே ஒரு தடவை ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். நான் எட்டாம் வகுப்பு.

எங்கள் தெருவில் வெற்றிலைக் கடைக்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். சிறுவயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போனவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெளியூரில் பார்வையற்றோர் பள்ளியில் தங்கி, தடித்த தாளில் குத்திய புள்ளிகளை விரலால் தடவித் தடவிப் படித்தவள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு மட்டும் ஊருக்கு வந்திருந்தாள். தேறினால் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியப் பயிற்சி. தவறினால் வீடு. இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதம் என்று அவள் அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தார்.

அவள் வாயால் சொல்லச் சொல்ல, ஒருவர் விடைத்தாளில் எழுத வேண்டும். எழுதுகிறவன் கீழ்வகுப்பில் இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு விடையும் தெரிந்தவனாக இருக்கக் கூடாது. தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை, நேராக என்னைக் கைகாட்டினார். கையெழுத்து மட்டும் எனக்கு முத்து முத்தாக வரும். சரக்கே இல்லாத கடைக்கு எழுதிய பெயர்ப்பலகை மாதிரி.

“அவ என்ன சொல்லுதாளோ அத எழுதணும். ஒரு சொல் கூட்டப்பிடாது, ஒரு சொல் கொறைக்கப்பிடாது. மீறுனா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாவ” என்றார்.

எங்களுக்குத் தனி அறை. வாசல் பக்கம் நாற்காலி போட்டு ஒரு மேற்பார்வையாளர். விடையைத் தவிர வேறு பேச்சு காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுவார். தமிழும் இங்கிலீஷும் எப்படியோ ஒப்பேறின. சரித்திரப் பரீட்சையன்று பானிப்பட்டுப் போரின் நடுவில் என் விரல்கள் பிடித்துக்கொண்டன. நிறுத்தி உதறலாம் என்றால் அதிலும் ஒரு ஆபத்து. அக்கா பேனாவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் சொல்லுவாள். சத்தம் நின்றால் உடனே என் பக்கம் திரும்பி என்ன என்று கேட்பாள். கேட்டால் அந்த மனிதர் வருவார். வந்தால் ரெண்டு பேரும் வெளியே.

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாளெல்லாம் ஏதாவது கேடு வந்தே தீரும். பேனாவைத் திருப்பிப் பிடித்து, முள்ளின் முதுகால் வினாத்தாளின் ஓரத்தில் சும்மா கீறினேன். சத்தம் வந்தது, விரலும் கொஞ்சம் இளகியது. அக்கா சொல்லிக்கொண்டே போனாள். மூன்று வாக்கியங்கள் காற்றோடு போயின.

பிறகு பேனாவை நேராக்கி எழுதத் தொடங்கினேன். அவள் முகத்தை அசைக்காமல், விடை சொல்லுகிற அதே தொனியில் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் எழுதிக்கொண்டு வந்தேன். எழுதி முடித்த வரியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பாபரின் படைக்குக் கீழே, முத்து முத்தாக, கூட்டாமல் குறைக்காமல் இப்படி இருந்தது:

“ஏலே, இது எழுதுத சத்தம் இல்ல, கீறுத சத்தம். விட்ட மூணு வரியையும் எழுது.”

கோடு போட்டு அடித்தேன். பாழாய்ப்போன கையெழுத்து, அடித்த பிறகும் அந்த ‘ஏலே’ கோட்டுக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா அந்த மூன்று வரியையும் மறுபடி சொன்னாள். ஒரு சொல் விடாமல் எழுதினேன். நடந்ததை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டரை மாதம் நான் பட்ட பயம் கொஞ்சமல்ல. எங்கோ ஒரு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன்னைத்தான் ஒரு பெண் ‘ஏலே’ என்கிறாள் என்று தாளைக் கிழிப்பது மாதிரி தோன்றும். தபால்காரரைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துகொள்வேன். அக்கா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் சுற்றுவழியில் போவேன். என் காலடிச் சத்தம் அவளுக்குத் தெரியும்; அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

பரீட்சை முடிவு பேப்பரில் வந்த அன்று சாரல். யாரிடமும் சொல்லாமல் குற்றாலத்துக்கு நடந்து, பேரருவியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அங்கே யார் கூப்பிட்டாலும் காதில் விழாதல்லவா? விழவில்லைதான். ஆனால் ஒரு கை என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தது. வெற்றிலைக் கடைக்காரர். நான் அந்தப் பக்கம் நடந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“அவ ஒன்னையக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா” என்றார். அந்த முகத்தில் தேறிய முகமும் தெரியவில்லை, தவறிய முகமும் தெரியவில்லை. அவர் குடைக்குள் நான் நனைந்த கோழி மாதிரி நடந்தேன்.

அக்கா மடியில் பேப்பரை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கீறியதை, எழுதியதை, அடித்ததை. அவள் கடைசிவரை கேட்டாள்.

“தேறிட்டேன்லே” என்றாள். “நான் ஏசி முடிச்ச பொறவும் பேனா ஓடிக்கிட்டே இருந்திச்சி. அதையும் நீ எழுதிட்டன்னு அப்பமே தெரியும். நானும் இத்தன நாளா ஒறங்கல” என்றாள்.

அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“பயிற்சிப் பரீட்சைக்கும் நீதான் வரணும். ஏசுனதக்கூட விடாம எழுதுதவன் வேற எவன் கெடைப்பான்?”

அருவியில் அத்தனை நேரம் நின்றும் வராத நடுக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.