தந்தி படித்த வாத்தியார்

உத்திரமேரூரில் யாருக்குத் தந்தி வந்தாலும், அதை எடுத்துக்கொண்டு வீரராகவன் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அவர் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். தந்தி அந்தக் காலத்தில் இங்கிலீஷில் வரும். முக்கால்வாசி சாவுச் சேதியாக வரும்.

நல்ல மனுஷர். ஆனால், 'எக்ஸ்பயர்டு' என்ற சொல்லைக் கண்டால் விஷயத்தை நேராகச் சொல்ல மாட்டார். "இது லத்தீன்லேர்ந்து வந்த வினைச்சொல்" என்று ஆரம்பிப்பார். 'எக்ஸ்' என்றால் வெளியே. மீதிக்கு மூச்சு விடுவது என்று அர்த்தம். அதே மூச்சை உள்ளே ஊதினால் 'இன்ஸ்பயர்'. நாலு பேர் கூடி மூச்சு விட்டால் 'கான்ஸ்பயர்', அதாவது சதி. சாவைப் பக்குவமாகச் சொல்கிறாராம்! பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காவாந்தண்டலத்து அங்கம்மாள் ஒருநாள் கத்தியே விட்டாள். அவள் மகன் கோலார் சுரங்கத்தில் வேலைக்குப் போயிருந்தான்.

"சாமி, அதெல்லாம் அப்பால சொல்லு. எம் புள்ள உசுரோட கீறானா இல்லியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தெருவிலேயே விழுந்து புரண்டாள். அவர் மனைவி நாமகிரி செம்பும் தண்ணீருமாக ஓடி வந்து அவள் கையில் ஊற்றினாள். எப்போதும் அப்படித்தான். 'லத்தீன்' என்று காதில் விழுந்தாலே நாமகிரி செம்பை எடுத்துவிடுவாள்.

ஐம்பத்தெட்டில் அவர்களுடைய ஒரே மகள் பாமாவுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டியவள். இந்த உடம்போடு ரயில் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பம்பாயிலேயே தங்கிவிட்டாள். நாமகிரி பிரசவ லேகியம் கிளறி வைத்துக்கொண்டு, நல்ல சேதிக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

ஐப்பசியில் ஒரு காலை, தந்திச் சேவகன் இருசப்பன் சைக்கிளை நிறுத்தினான். வீரராகவன் பிரித்துப் படித்தார்.

"இன்னா சாமி, கொயந்த பொறந்துச்சா?"

"இருசப்பா, இது... லத்தீன்லேர்ந்து வந்த..."

உள்ளே செம்பு எடுக்கும் சத்தம் கேட்டது. நாமகிரி தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"ஏன்னா, எந்த ஊர்க்காராளுக்கு வந்திருக்கு?"

வாசலில் இருசப்பனைத் தவிர யாரும் இல்லை. அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு செம்பைக் கணவர் கையில் வைத்தாள்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்கோ. பாமாவா, கொழந்தையா?"

அவர் குடிக்கவில்லை.

"பாமா செத்துப் போயிட்டாடி" என்றார்.

அந்தச் சொல்லை அவர் நேராகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.