கீழ்வீட்டுக்கு நடந்த வாக்கெடுப்பு

"சமூக டிஜிட்டல் இணைப்பாளர்: குடியிருப்பாளர் அனைவருடனும் சுமுகமாகப் பழகுபவர், பக்கச்சார்பற்றவர், பிறர் துயரில் பங்கெடுப்பவர், தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள இளைஞர் அல்லது யுவதி."

குருநகர்ப் பக்கத்து மாடிவீட்டுத் திட்டத்தில் இந்த வர்ணனைக்குப் பொருத்தமானவராகத் தெரிவானவர் லூர்த்தம்மா. வயது அறுபதை நெருங்கியிருந்தது. மற்றவர்கள் கடலுக்கோ நண்டுக் கம்பனிக்கோ போய்விட, பகல் முழுக்க வீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான். பக்கச்சார்பற்றவர் என்பது மட்டும் உண்மை. பாதிப்பேரோடு அவருக்குக் கதையில்லை. மீதிப்பேரோடு கதைத்தால் சண்டை. சாய்வதற்கு ஒரு பக்கமும் மிச்சமில்லை.

திட்ட உத்தியோகத்தர் ஜெனிஸ்ரன் திருநெல்வேலியிலிருந்து வந்து எல்லோருடைய போனிலும் செயலியை ஏற்றிவிட்டான். தண்ணீர் மோட்டர் பழுதா, கழிவுநீர்க் கானில் அடைப்பா, அதில் அறிவிக்கலாம். சனம் அதைத் திறக்கவில்லை; போனை லூர்த்தம்மாவின் கையில் கொடுத்து, விசயத்தைச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனது. கடவுச்சொல்லை மாடிப்படியில் நின்றே கத்திச் சொன்னார்கள். கோபமாக இருந்தவர்களும் கொடுத்தார்கள். அவர்கள் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

அப்போதுதான் கீழே ஒரு வீடு காலியானது. குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த இன்னாசித்தம்பி அதைக் கேட்டார். நீரிழிவில் ஒரு காலை எடுத்தபின் அவருக்குப் படி இறங்க முடியவில்லை. ஜெனிஸ்ரனோ அங்கே டிஜிட்டல் சேவை நிலையம் திறக்க நினைத்தான். "சனமே செயலியிலை தீர்மானிக்கட்டும்" என்றான். யார் எதற்குப் போட்டார் என்று ஒருவருக்கும் தெரியவராது என்றும் உறுதி சொன்னான்.

லூர்த்தம்மா முதலில் மூன்றாம் மாடிக்குத்தான் ஏறினார்.

"கீழை எண்டால் பொல்லுத்தடி ஊண்டியெண்டாலும் கடலைப் பாத்திட்டு வருவன், பிள்ளை" என்றார் இன்னாசித்தம்பி. "எனக்கும் நீயே ஒருக்கா அமத்திவிடு. உந்த எழுத்து எனக்குத் தெரியேல்லை."

"சனம் உங்களைக் கைவிடுமே அண்ணை?" என்று போனை வாங்கிக்கொண்டார் லூர்த்தம்மா.

இன்னாசித்தம்பி முன்பு கோயில் மூப்பர். ஒக்டோபர் மாதத்தில் சுருவம் என்கிற மாதா சிலை வீடுவீடாகப் போகும். வீட்டுக்கு ஓரிரவு தங்கும். லூர்த்தம்மாவின் மகள் ஜெனிற்றா கத்தோலிக்கமல்லாத கொக்குவில் சபைப் பொடியன் ஒருவனோடு ஓடிப்போன வருடம், மூப்பர் சுருவத்தை லூர்த்தம்மாவின் வாசலில் நிறுத்தாமல் தாண்டிக் கொண்டுபோனார். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, அவர் வாசலில் காத்து நின்றார். "குறை நினையாதை பிள்ளை, மாதா கோவிப்பா" என்று மூப்பர் மெதுவாகத்தான் சொன்னார். அவர் எதையும் மெதுவாகச் சொல்பவர். சொன்னதை மறந்தும்விட்டார்.

வாக்கெடுப்பன்று போன்கள் வந்து குவிந்தன.

"எணை லூர்த்தக்கா, அண்ணைக்குப் போட்டுவிடணை" என்றாள் பக்கத்து வீட்டு யசிந்தா. "மாறி அமத்திப்போட்டு என்னைப் பாவியாக்கிப்போடாதை."

"செயலி பாவக்கணக்கு எழுதாது. தா இஞ்சாலை."

எல்லோரும் அண்ணைக்கென்றே சொன்னார்கள். லூர்த்தம்மா எல்லாப் போனிலும் "நிலையம்" என்பதை அழுத்தித் திருப்பிக் கொடுத்தார்.

நிலையம் வென்றது. இன்னாசித்தம்பிக்கு விழுந்தவை தாங்களே அழுத்தத் தெரிந்த சில பொடியங்களின் வாக்குகள் மட்டுமே. ஒவ்வொருவரும் அந்தச் சிலவற்றில் ஒன்று தன்னுடையது என்று நம்பினார். மற்றவர்களின் கல்நெஞ்சைக் கண்டு திகைத்தார்.

"ஒற்றைக் காலோடை கிடக்கிற மனுசனுக்கு இல்லையெண்டு அமத்தின கையாலை சோறு இறங்குதே உங்களுக்கு?" என்று யசிந்தா முன்வீட்டைக் கேட்டாள். முன்வீடும் அவளை அதையே கேட்டது. அதன்பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் கதையில்லை. ஜெனிஸ்ரனின் அறிக்கையில் "முழுமையான சமூகப் பங்கேற்பு" என்று இருந்தது. அதில் பொய்யேதும் இல்லை.

கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு, வழக்கம்போல இன்னாசித்தம்பியைக் கதிரையில் இருத்தித் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகப் பொடியங்கள் வந்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை.

"உந்தச் சனத்தின்ரை தோளிலை நான் ஏறமாட்டன். செத்தபிறகு தூக்கட்டும்."

அதற்குப்பின் அவர் உள்ளே விட்டது லூர்த்தம்மாவை மட்டும்தான். புதிய நிலையத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்துவிட்டு, பின்னேரங்களில் அவர் கஞ்சி கொண்டு படியேறுவார்.

"விழுந்ததிலை ஒண்டு என்ரை, ஒண்டு உன்ரை" என்றார் இன்னாசித்தம்பி ஒருநாள். "என்ன பிள்ளை?"

"ஓம் அண்ணை. ஆறமுதல் குடியுங்கோ."

அவருடைய போனிலும் லூர்த்தம்மா "நிலையம்" என்பதைத்தான் அழுத்தியிருந்தார்.