காற்றுக்கு வழிவிட்ட பேருந்து

ஈரானில், சாபோலிலிருந்து ஸாஹெதானுக்கு நவ்ரூஸ் ஓட்டிய பச்சைப் பேருந்தில் ஒரு கோடையாவது பயணம் செய்தவர்களுக்கு, நனைந்த ஒட்டக முள்ளின் வாசம் எங்கே வந்தாலும் கண் தானாக மூடிக்கொள்ளும். ஹாமூன் ஏரி ததும்பிக் கிடந்த காலம் அது. பேருந்து நிலையத்தில் நின்றாலே நாணல் வாசமும் டீசல் வாசமும் கலந்து வரும். சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சனங்கள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுவார்கள். இப்போது அந்தப் பேருந்து இல்லை. ஏரியும் பல வருஷங்களாக வறண்டுதான் கிடக்கிறது. ஆனாலும் நவ்ரூஸின் பேச்சை எடுத்தால் தேநீர்க் கடையில் எழுந்து போகக் கிளம்பியவர்கூடத் திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

நவ்ரூஸுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது, வேகம். முன்னால் ஒரு வண்டி போவதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. மற்ற ஓட்டுநர்கள் வழியிலிருக்கும் ஹொர்மக் மேட்டுக்கு வந்து சேரும்போது அவர் அங்கே தேநீர் குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பேருந்தின் பின்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, பெயிண்டரைக் கூப்பிட்டு வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'காற்றே, முடிந்தால் பிடி.'

சாபோலைச் சுற்றிய சீஸ்தான் சீமையில் காற்றைச் சீண்டுவது சின்ன விஷயமில்லை. நூற்றிருபது நாள் காற்று என்று அதற்குப் பெயர். கோடை தொடங்கும்போது வடக்கிலிருந்து கிளம்பும். மணலைச் சுமந்துகொண்டு, வழி மாறாமல், ஒரே திசையில் அடிக்கும். அதனால் அங்கே வீடு கட்டும்போது யாரும் திசை கேட்பதில்லை. வடக்குச் சுவரில் பெரிய திறப்பு விட்டு, அதில் ஒட்டக முள்ளை அடர்த்தியாக அடைத்து, வெளியிலிருந்து தண்ணீர் வீசுவார்கள். ஊளையிட்டுக்கொண்டு வரும் காற்று ஈர முள்ளுக்குள் நுழையும்போது மணலை அங்கேயே விட்டுவிட்டுச் சில்லென்று உள்ளே வரும். அந்த அறைக்கு முள்ளறை என்று பெயர்.

நவ்ரூஸின் மனைவி மாஹ்ஜான் உயிரோடு இருந்ததே அந்த முள்ளறையால்தான். புழுதி அவள் நெஞ்சுக்கு ஆகாது. காற்றுக் காலத்தில் வாசலைத் தாண்டினால் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே காற்று கிளம்பிய நாளிலிருந்து அடங்கும் நாள்வரை முள்ளறைக்குள்ளேயே சமைப்பாள், தைப்பாள், விருந்தாளிகளைப் பார்ப்பாள், அங்கிருந்தே தெருவில் போகிறவர்களை அதட்டுவாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை இருமலை வைத்தே வீட்டில் கண்டுபிடிப்பார்கள்.

ஒரே மகள் ஸர்பானுவை ஸாஹெதானில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை அவர்கள் ஊரில், காற்றுக் காலத்தில் வைத்துவிட்டார்கள். மாஹ்ஜான் போக முடியவில்லை. மகளின் கல்யாணத்தை அவள் முள்ளறையில் உட்கார்ந்து அழுதே கழித்தாள். இப்போது ஸர்பானு தலைப்பிரசவத்தை எதிர்பார்த்திருந்தாள். பிரசவம் மாப்பிள்ளை வீட்டில்தான், அதுவும் காற்றின் உச்சத்தில். தலைப்பிரசவத்தில் பெண்ணின் முதுகைத் தாங்கிப் பிடிப்பது பெற்றவளின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊருக்கு வந்து திரும்பும்போது ஸர்பானு ஒன்றுதான் சொன்னாள்.

"கல்யாணத்துக்குத்தான் வரல, சரி. இதுக்கும் வரலன்னா, நான் அம்மா இல்லாத பொண்ணுன்னு நெனச்சுக்கறேன்."

அந்தச் சொல் மாஹ்ஜானை அரித்தது. நவ்ரூஸை அதைவிட அதிகமாக அரித்தது. ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ முள்ளறைய விட்டு வர முடியாது. சரி. முள்ளறை உன்கூட வந்தா?"

"ஏன், கழுத மேல ஏத்திட்டுப் போகப் போறீங்களா?"

"கழுத இல்லடி. பஸ்ஸு."

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பேருந்தை எப்போதும்போல் வீட்டின் முன்னால் நிறுத்தி, வலப்பக்கம் நடுவில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினார். மரச்சட்டம் அடித்து, முள்ளை அடைத்து, கம்பி வலையால் கட்டினார். கூரையில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய். அதிலிருந்து மொண்டு ஊற்ற, மாஹ்ஜானின் தம்பி கெராமத். பேருந்தின் நடத்துநரும் அவர்தான். நாற்பது வயதிலும் எதற்கெடுத்தாலும் முனகுவதை விடாதவர்.

"மச்சான், நான் டிக்கெட் குடுக்கறவனா, தோட்டக்காரனா?"

"ஊத்துடா, மாப்ளே."

ஊற்றினார். வடக்குக் காற்று நேராக முள்ளில் மோதியது. உள்ளே உட்கார்ந்திருந்த மாஹ்ஜானின் முகத்திரை மெல்ல அசைந்தது. இருமல் இல்லை. அக்கம்பக்கத்தார் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்க மறுத்தார்கள். நவ்ரூஸ் அன்றைக்கு மீசையைத் தடவிய தடவலில் அது இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

சில நாட்களில் ஸாஹெதானிலிருந்து வந்த லாரிக்காரர் செய்தி கொண்டுவந்தார். ஸர்பானுவுக்கு இடுப்பு வலி லேசாகத் தொடங்கியிருக்கிறது, இன்றோ நாளையோ ஆகிவிடும். காலைப் பயணத்துக்கே மாஹ்ஜானை ஏற்றினார்கள். பேருந்து நிறைந்திருந்தது. கடைசி வரிசை முழுவதையும் முலாம்பழ வியாபாரி பராத் அலி தன் கூடைகளால் அடைத்து, நடுவில் தானும் ஒரு பழம்போல உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தா, பழம் கனிஞ்சிருக்கு. மத்தியானச் சந்தைக்குப் போய்ச் சேரணும். உன் வேகத்த நம்பித்தான் ஏறினேன்" என்றார்.

"தூங்கி எந்திரி, ஸாஹெதான் வந்திருக்கும்" என்றார் நவ்ரூஸ்.

ஊர் எல்லை தாண்டி தெற்கே திரும்பியதும் வேகத்தைக் கூட்டினார். கெராமத் ஏணியில் தொங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். முள் நனைந்தது. ஆனால் அதன் வழியாக ஒன்றும் வரவில்லை. காற்று பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. பேருந்தும் அதே வேகத்தில் அதே பக்கம் ஓடியது. இரண்டும் தோளோடு தோள் போகிற இரண்டு குதிரைகள் மாதிரி. முள்ளில் ஒரு இலைகூட அசையவில்லை. உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. வெக்கை தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். பேருந்தின் சக்கரம் கிளப்பிய புழுதி பின்தங்காமல் கூடவே வந்து, திறந்த இடத்தில் எல்லாம் நுழைந்தது.

முதல் இருமல் கேட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு விசில்.

நவ்ரூஸ் கண்ணாடியில் பார்த்தார். மாஹ்ஜான் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. பிரேக்கை மிதித்தார். பழக்கூடைகள் உருண்டன.

சீஸ்தான்காரர் செய்யக்கூடிய பிழைதான் அது. காற்றுக்கு ஒரே பக்கம்தான் என்று பிறந்ததிலிருந்து அறிந்தவர், வீட்டு வாசலில் நின்ற பேருந்துக்கு வடக்குப் பக்கம் எதுவோ அங்கே முள்ளைக் கட்டிவிட்டார். வீடு நகராது, பேருந்து நகரும் என்பது, வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவருக்குத் தோன்றவில்லை.

"திரும்பிடலாம், மச்சான்" என்றார் கெராமத். புருவம்கூடத் தெரியாத அளவுக்கு அவர் மேல் மண் அப்பியிருந்தது. "அக்கா தாங்காது."

நவ்ரூஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். திரும்பினால் மகள் போனாள். போனால் மனைவி போவாள். வெளியே காற்று பேருந்தை உலுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. மாஹ்ஜானின் விசில் மெல்ல மெல்லத் தணிந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸர்பானு அப்பா."

"சொல்லு. திருப்பவா?"

"திருப்ப வேணாம். நீங்க நின்னா எனக்கு மூச்சு வருது. ஓடினா நின்னுபோகுது."

"நின்னுட்டே எப்படிடி ஸாஹெதான் போறது?"

"நிக்க வேணாம். அந்தக் காத்த முன்னால போக விடுங்க. ஒரு தடவயாவது விடுங்களேன்."

நவ்ரூஸ் அவளையே பார்த்தார். பிறகு இறங்கி, பக்கவாட்டில் இருந்த முள் சட்டத்தைக் கழற்றினார். பின்பக்கம் போய், பெரிய கண்ணாடியைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் சட்டத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பக்கவாட்டில் திறந்து கிடந்த ஜன்னல்களையும் இடைவெளிகளையும் தன் போர்வையைக் கிழித்து அடைத்தார். முள்ளிலிருந்து சொட்டிய நீர் கீழே வெள்ளை எழுத்தின் மேல் வழிந்தது.

"ஏய் உஸ்தா! என் தலைக்கு மேல என்னத்தக் கட்டுற? கழுத்துல சொட்டுது!" என்றார் பராத் அலி.

"குளிச்சு எத்தன நாளாச்சு? சும்மா இரு."

மாஹ்ஜானைக் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்காரவைத்தார்கள். மற்ற ஜன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். நவ்ரூஸ் வண்டியை எடுத்து, அதுவரை அவர் கால் அறியாத ஒரு காரியத்தைச் செய்தார். மெதுவாக ஓட்டினார். சைக்கிள் போகிற வேகத்தில் பேருந்து ஊர்ந்தது. பின்னாலிருந்து வந்த காற்று பேருந்தைப் பிடித்தது, ஈர முள்ளுக்குள் புகுந்தது, மணலை உதறிவிட்டு இருக்கைகளின் நடுவே சில்லென்று நடந்து போனது. சக்கரம் கிளப்பிய புழுதியைக்கூட அதுவே தூக்கி முன்னால் எறிந்துவிட்டது.

"ஆஹா" என்றார் பராத் அலி, தன்னையறியாமல். உடனே சுதாரித்துக்கொண்டார். "ஆனா இந்த வேகத்துல போனா என் பழத்த ஸாஹெதான்ல இல்ல, உலகம் அழிஞ்சப்புறம் மஹ்ஷர் மைதானத்துலதான் விக்கணும்!"

பேருந்து சிரித்தது. பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாக முந்திச் சென்றன. ஒவ்வொன்றும் நவ்ரூஸை ஓரக்கண்ணால் பார்த்து ஆரன் அடித்தது. அவருக்குப் பரம எதிரியான மஞ்சள் பேருந்துக்காரர் பக்கத்தில் வந்து, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னய்யா, வண்டிய யாராச்சும் தள்ளுறாங்களா?"

நவ்ரூஸின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் தானாக அழுத்தப் பார்த்தது. கண்ணாடியில் மாஹ்ஜானைப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது.

"ஆமாய்யா, காத்து தள்ளுது. நீ போ!" என்று கத்தினார்.

மெதுவாகப் போனால் தண்ணீர் அதிகமாகும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஹொர்மக் மேடு வானத்தின் அடியில் நீலமாகத் தெரியத் தொடங்கியபோது கெராமத் கூரையிலிருந்து பீப்பாயைத் தட்டினார். வெறும் டம் டம் சத்தம். மேட்டில் ஏறிவிட்டால் புழுதி விட்டுவிடும். அதுவரை முள் காயக்கூடாது.

யார் முதலில் கொடுப்பது என்று எல்லோரும் தங்கள் மண்குடுவையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள். பாலைவனத்தில் குடிநீர் கேட்பது எளிதில்லை. பராத் அலிதான் தன் தோல்பையை அவிழ்த்தார்.

"இந்தா, ஊத்து. தர்மம் இல்ல, சொல்லிட்டேன். கடைசி வரிசைல உக்காந்தவன் நான். என் முதுகு ஜில்லுன்னு இருக்கு, அது போகக்கூடாது."

அதன் பிறகு குடுவைகள் கைமாறி வந்தன. ஒரு கிழவர் பிளாஸ்க்கில் இருந்த தேநீரை நீட்டினார். "சர்க்கரை போடாதது, தைரியமா ஊத்து" என்றார். அதையும் கெராமத் ஊற்றினார். கொஞ்ச தூரம் பேருந்து முழுவதும் தேயிலை மணத்தது.

ஸாஹெதான் வந்தபோது வெயில் மஞ்சளாகி இருந்தது. சந்தை முடிந்திருந்தது. பராத் அலி வெடித்த பழங்களை நிலையத்திலேயே வெட்டி, வந்த விலைக்கு விற்றுக்கொண்டே நவ்ரூஸை வாயார வைதார். நவ்ரூஸ் அதைக் கேட்க நிற்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடி நின்றார்கள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. உள்ளறையில் ஸர்பானு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். காலையிலிருந்து அவள் காது வாசலில்தான் இருந்தது. அந்த இருமல் கேட்கும், கேட்டுவிடும் என்று காத்திருந்து, கேட்காமலே பொழுது சாய்ந்ததும் நம்பிக்கையை விட்டிருந்தாள். பின்னால் வந்து யாரோ உட்கார்ந்தார்கள். இரண்டு கைகள் அவள் முதுகைத் தாங்கின.

"மருத்துவச்சியா?" என்றாள் திரும்பாமலே. "எங்கம்மா வரல. நீயே பிடிச்சுக்க."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மாஹ்ஜான்.

முற்றத்தில் நின்ற நவ்ரூஸுக்கு மகள் ஓவென்று அழுதது கேட்டது. வலியால் அழுகிறாளா வேறு எதற்காகவோ என்று அவருக்குத் தெரியவில்லை. இருட்டுவதற்குள் இன்னொரு அழுகையும் கேட்டது. பெண் குழந்தை.

அதற்குப் பிறகு காற்றுக் காலத்தில் தெற்கே போகும்போதெல்லாம் நவ்ரூஸ் அப்படித்தான் ஓட்டினார். திரும்பி வரும்போது, எதிர்க்காற்றில், பழைய வேகத்தையும் காட்டிக்கொள்வார். நெஞ்சு நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் மஞ்சள் பேருந்தை விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். பராத் அலி இனி இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று நிலையத்தில் சத்தியம் செய்துவிட்டு, அடுத்த வாரமே வந்து கடைசி வரிசையைப் பிடித்தார். பழத்தை மட்டும் முந்தின நாளே லாரியில் அனுப்பியிருந்தார்.

பின்பக்கத்து வெள்ளை எழுத்து, முள்ளிலிருந்து சொட்டிய நீரில் அந்தக் கோடையிலேயே பாதிக்குமேல் கரைந்துவிட்டது. பெயிண்டர் பழகிய மனிதர், புதிதாக எழுதித் தருகிறேன் என்றார்.

"வேணாம், விடு" என்றார் நவ்ரூஸ். "காத்துதான் பிடிச்சிருச்சே."